டெக்கிள் கணக்கும் ஹைஸ் சால்வரும்: 14 மாதம் ஓட்டிப் பார்த்தவன் சொல்வது

உடுமலைப் பக்கம் ஒரு கிராஃப்ட் காகித ஆலையில் பிளானிங் மேஜை என்னுடையது. அட்டைப்பெட்டி செய்பவர்களுக்கு ரீல் ரீலாகக் காகிதம் அனுப்புகிறோம். மிஷினில் ஓடி வரும் காகிதத்தின் அகலத்தை டெக்கிள் என்போம். எங்களுக்கு அது ஓரம் வெட்டியது போக 2800 மி.மீ. பெட்டிக்காரர்களில் ஒருவர் 1150 கேட்பார், இன்னொருவர் 820 கேட்பார். காகிதத்தை வெட்டிச் சுற்றுகிற ரீவைண்டரில் கத்தி வைத்து அந்த 2800-ஐக் கூறு போட வேண்டும். அப்படி ஒரு தடவை கூறு போட்டு எடுக்கிற ரீல்களை ஒரு செட் என்போம். கூறு போட்டது போக மிஞ்சுகிற டிரிம், காகிதத்தை மறுபடி கூழாக்குகிற பல்ப்பருக்கு நேராகத் திரும்பிவிடும். காகிதம் வீணாகவில்லையே என்பார்கள். அதைக் காய வைத்த நீராவிக்கும் மிஷின் தின்ற கரண்டுக்கும் யார் பதில் சொல்வது?

இரண்டு வருடம் முன்பு ஒரு மென்பொருள் கம்பெனிக்காரர்கள் இதற்கென்றே ஒரு சாமானை விற்க வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த டேட்டாவில் டிரிம் அரை சதவீதம்கூட இல்லை. எங்கள் டேட்டாவில் ஓட்டிக் காட்டுங்கள் என்று ஒரு மாத ஆர்டரைக் கொடுத்தோம். திரும்பி வந்தது கொட்டேஷன் மட்டும்தான். அந்தத் தொகையைப் பார்த்து முதலாளி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம்தான் இந்த மாதிரிக் கணக்கைத் தீர்க்கிற மென்பொருள்களில், அதாவது சால்வர்களில், காசில்லாமல் கிடைக்கிறவற்றை நான் நோண்ட ஆரம்பித்தேன். அதில் நிலைத்தது ஹைஸ் (HiGHS).

ஹைஸ் எடின்பரோ பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது. ஜூலியன் ஹால், சீ ஹுவாங்ஃபு இருவரும் சிம்ப்ளெக்ஸ் என்ற நேரியல் கணக்கு முறையில் செய்த வேலையில் தொடங்கி, பிறகு முழு எண் கணக்கும் போடுகிற அளவுக்கு வளர்ந்தது. எம்ஐடி லைசென்ஸ் என்பதால் ஆலையில் வைத்துச் சம்பாதித்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். பைதானில் சைபை என்ற கணித நூலகம் வைத்திருப்பவர்கள் பெயர் தெரியாமலே இதைப் பயன்படுத்திக்கொண்டிருப்பார்கள். அதில் உள்ள லின்ப்ரோக் என்ற கட்டளை இப்போது உள்ளுக்குள் கூப்பிடுவது ஹைஸைத்தான். பைதான் தொகுப்புகளை இறக்கும் பிப்பில் ஒரு வரி அடித்தால் நிறுவிவிடலாம். என்னுடையது 8 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். அதற்கு மேல் இது எதுவும் கேட்கவில்லை.

ஆனால் முகம் என்று ஒன்று கிடையாது. பட்டன் இல்லை, படம் இல்லை. எக்செல்லில் இருக்கும் ஆர்டரைப் பைதான் வழியாக நாம்தான் ஊட்ட வேண்டும், பதிலையும் நாம்தான் ரீவைண்டர்காரருக்குப் புரிகிற மாதிரி அச்சடிக்க வேண்டும். பைதான் பக்கமே போகாதவர்களுக்கு இது ஆகாது.

இது என்ன செய்கிறது என்பதை ஒரு சின்ன ஆர்டரில் காட்டிவிடுகிறேன். ஒரே ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் கிராம் எடை), ஒரே ஷேடு. 1150-ல் 6 ரீல், 950-ல் 10, 820-ல் 12, 640-ல் 6. எல்லா அகலத்தையும் கூட்டினால் 30,080. 2800-ஆல் வகுத்தால் பத்தே முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி. ஆக 11 செட்டுக்குக் குறைய வாய்ப்பே இல்லை.

கையால் பிளான் போடுகிற யாராக இருந்தாலும் முதலில் கண்ணில் படுவது 1150 + 820 + 820. 2790 ஆகிறது, டிரிம் வெறும் 10 மி.மீ. அழகான செட். அதையே 6 தடவை போடுவோம். 1150-ம் தீர்ந்தது, 820-ம் தீர்ந்தது. மிச்சம் 950-ம் 640-ம்தான். இந்த இரண்டும் ஒன்றோடொன்று சேராது. 950 + 950 + 640 போட்டால் 260 மி.மீ. பல்ப்பருக்கு. அப்படி 5 செட் போட்ட பிறகும் ஒரே ஒரு 640 அநாதையாக நிற்கும். அதற்காக ஒரு முழு செட் ஓட்ட வேண்டும். மொத்தம் 12.

ஹைஸ் கொடுத்தது 11. அந்த அழகான செட்டை 4 தடவையோடு நிறுத்திக்கொண்டது. 1150 + 950 + 640 என்று 2, 950 + 950 + 820 என்று 3, 820-ஓடு மூன்று 640 என்று 1, 950 + 950 + 640 என்று 1. கூட்டிப் பாருங்கள், ஒரு ரீல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

எனக்குப் பிடித்தது அந்த 11 அல்ல, அதோடு வந்த விலைப் பட்டியல். அளவை அளவாகப் பார்க்காமல், ஒவ்வொரு அகலத்துக்கும் ஒரு நிழல் விலை போடுகிறது, அந்த அகலத்தில் ஒரு ரீல் கூடினால் எவ்வளவு செட் கூடும் என்று. ஒரு செட்டுக்கு 17 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இந்த ஆர்டரில் 1150-க்கு 7 ரூபாய், 950-க்கு 6, 820-க்கு 5, 640-க்கு 4. திரையில் 0.4118, 0.3529 என்றுதான் வரும். 17-ஆல் பெருக்கிப் பார்த்தால் இந்த முழு எண்கள் கிடைக்கும். இப்போது அந்த அழகான செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 7 + 5 + 5, சரியாக 17. டிரிம் 80 மி.மீ. போகிற 950 + 950 + 820-ஐ எடுங்கள். 6 + 6 + 5, அதுவும் 17. அதாவது 10 மி.மீ. டிரிம் செட்டும் 80 மி.மீ. டிரிம் செட்டும் இந்த ஆர்டருக்கு ஒரே மதிப்புதான். 260 மி.மீ. போகிற செட் மட்டும் 16, அதாவது ஒரு ரூபாய் நஷ்டம். மொத்த ஆர்டரின் மதிப்பு 186. பதினோரு செட்டுக்கு 187. ஹைஸ் விட்டது ஒரே ஒரு ரூபாய். நான் கையால் போட்டது 12 செட், 204. அவ்வளவு வருடமும் ஸ்கேலை வைத்து மி.மீ. அளந்துகொண்டிருந்தது தப்பான ஸ்கேல் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. 820 என்பது எல்லோருக்கும் வேண்டிய அளவு. அதை முதல் ஆறு செட்டிலேயே தீர்த்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்த விலை விளையாட்டு ஹைஸின் கண்டுபிடிப்பு அல்ல. ஐபிஎம்மில் இருந்த கில்மோரும் கோமோரியும் 1961-ல் எழுதியது. நிஜ ஆர்டரில் எங்களுக்கு 38 அகலம் வரை வரும், ஒரு செட்டில் 5 ரீல் வரை வெட்டலாம். டெக்கிளில் அடங்குகிறதா என்று பார்க்காமல் எண்ணினால் 9,62,597 விதமாகச் சேர்க்கலாம். அத்தனையையும் எழுதி வைக்கத் தேவையில்லை என்பதுதான் அவர்கள் யோசனை. கொஞ்சம் பேட்டர்னோடு (ஒரு செட்டை வெட்டுகிற விதங்கள்) தொடங்கு, விலையைக் கேள், அந்த விலைக்கு ஒரு செட்டின் மதிப்பைத் தாண்டுகிற சேர்க்கை ஏதாவது 2800-க்குள் இருக்கிறதா என்று தேடு. இருந்தால் சேர்த்துக்கொண்டு மறுபடி விலை கேள். இல்லையென்றால் நிறுத்து. எனக்குச் சில நூறு பேட்டர்னிலேயே நின்றுவிடுகிறது. கடைசியில் அவற்றை மட்டும் வைத்து முழு எண்ணாகத் தீர்க்கச் சொல்வேன்.

முதலில் இப்படிச் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். "எந்த ரீல் எந்த செட்டில்" என்று நேரடியாக எழுதினேன். 1939-ல் லெனின்கிராடில் ப்ளைவுட் டிரஸ்டுக்குக் கணக்குப் போட்டுக்கொடுத்த கந்தரோவிச்சின் பெயரில்தான் கணக்கை எழுதுகிற இந்த முறை இன்றும் வழங்குகிறது. அவருக்கு 1975-ல் நோபல் கிடைத்தது, எனக்கு லேப்டாப் சூடானதுதான் மிச்சம். காரணம் எளிது. மூன்றாவது செட்டையும் ஏழாவது செட்டையும் இடம் மாற்றினால் பதில் ஒன்றுதான், ஆனால் சால்வருக்கு அது வேறு பதில். இப்படி ஒரே பதிலின் கோடிக்கணக்கான நகல்களுக்குள் அலைகிறது. சால்வர் திரையில் எழுதிக்கொண்டே போகிற லாகில் இரண்டு எண் ஓடும். ஒன்று இதுவரை கிடைத்ததில் நல்லது, மற்றொன்று இதற்குக் கீழே போகவே முடியாது என்ற வரம்பு. முதல் எண் சீக்கிரம் இறங்கி நின்றது. வரம்பு ஏறவே இல்லை. ராத்திரி ஓட விட்டுப் போய்க் காலையில் வந்து பார்த்தால் இடைவெளி அப்படியே இருந்தது. குறை சால்வரிடம் இல்லை, எழுதின என்னிடம்.

இன்னொரு கூத்தும் உண்டு. எக்செல்லில் ஒரு வரியில் 820 என்று போட வேண்டிய இடத்தில் சென்டிமீட்டரில் 82 என்று அடித்திருந்தேன். கத்தி எண்ணிக்கைக்கு வரம்பு வைக்காத காலம் அது. ஒரே செட்டில் 34 ரீல் வெட்டலாம் என்று பிளான் வந்தது, பக்கத்தில் ஆப்டிமல் என்ற முத்திரையோடு. அதை அச்சடித்து ரீவைண்டருக்கு அனுப்பியும் விட்டேன். ஃபினிஷிங் ஃபோர்மேன் அண்ணன் தாளை எடுத்துக்கொண்டு மேஜைக்கே வந்தார். "ஏனுங் தம்பி, ரிப்பன் கம்பெனி எதாச்சும் ஆர்டர் குடுத்திருக்காங்களா?"

அந்த அண்ணனிடம்தான் இந்தச் சாமானுக்கு உண்மையான பரீட்சை நடந்தது. மேலே சொன்ன 11 செட் பிளானைப் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் செட்டை எண்ணவில்லை. எத்தனை தடவை கத்தி மாற்ற வேண்டும் என்று எண்ணினார். ஐந்து விதம். என் பழைய பிளானில் மூன்றுதான். ஒரு தடவை கத்தி மாற்றிக் கட்ட எங்கள் ஆட்களுக்கு 20 நிமிடம் ஆகும், அதுவரை ரீவைண்டர் நிற்கும்.

"அந்தக் கடைசி 640 ஒண்ணு குறைஞ்சா பார்ட்டி ஒத்துக்குவாங்களான்னு கேட்டீங்களா?"

"இல்லீங்கண்ணா."

"ஒரு போன் போடுங்க."

போட்டேன். ஒத்துக்கொண்டார்கள். அடுத்த லோடில் வாங்கிக்கொள்கிறார்களாம். அந்த ஒரு ரீலை விட்டால் என் பழைய பிளானே 11 செட்டில் முடிகிறது, அதுவும் இரண்டே கத்தி அமைப்பில். டிரிம் கூடத்தான், அந்த 640 மி.மீ. அளவுக்கு. ஆனால் மூன்று கத்தி மாற்றம் மிச்சம், ஒரு மணி நேரம். 34 ரீலைக் கண்ணை மூடிக்கொண்டு ஒத்துக்கொண்ட ஹைஸுக்கு, ஒரு ரீலை விட்டுக்கொடுக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதுவே இதைக் கண்டுபிடித்திருக்கும்.

இப்போது அதை ஹைஸிடம் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஆர்டருக்கும் எத்தனை ரீல் கூடக் குறைய இருக்கலாம் என்று எக்செல்லில் இரண்டு நெடுவரிசை கூடுதல். ஒவ்வொரு கத்தி மாற்றத்துக்கும் ஒரு அபராதம். இங்கேதான் ஹைஸ் திணறுகிறது. ஒரு பேட்டர்னைத் தொட்டாலே அபராதம் என்பதற்கு ஆம்-இல்லை மாறிகள் வேண்டும். அந்த மாறிகள் வந்ததும் வரம்பு மறுபடி ஆமை வேகத்தில் ஏறுகிறது. இது பொதுவாகவே கடினமான கணக்கு. குரோபி, சிபிளெக்ஸ் மாதிரி காசு கொடுத்து வாங்குகிற சால்வர்கள் இந்த வகையில் வேகமானவை என்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். குரோபியைப் பிப் வழியாகப் போட்டால் 2000 மாறி, 2000 கட்டுப்பாடு வரைக்கும் இலவசமாகவே ஓடும். என் கணக்கு அதற்குள் அடங்கிவிடும். ஆனால் அது பழகிப் பார்ப்பதற்குக் கொடுத்தது. தினசரி ஆலை வேலைக்கு அதை வைத்து ஓட்ட எனக்கு மனம் வரவில்லை. நான் ஹைஸுக்கு 90 நொடி கெடு வைக்கிறேன். இரண்டு மூன்று சதவீத இடைவெளியில் நின்றாலும் எடுத்துக்கொள்கிறேன்.

கூகுளின் ஓஆர்-டூல்ஸில் இருக்கும் சிபி-சாட் என்ற சால்வரையும் ஒரு வேலைக்கு வைத்திருக்கிறேன். எந்த ஜிஎஸ்எம்முக்குப் பிறகு எந்த ஜிஎஸ்எம் ஓட்டுவது என்கிற வரிசைக்கு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது மிஷின் நிலைக்கு வரும்வரை ஓடுவதெல்லாம் கழிவு என்பதால் வரிசை முக்கியம். அந்த மாதிரி "இதற்குப் பின் இது" கணக்கில் சிபி-சாட் கெட்டிக்காரன். அது முழு எண் மட்டும்தான் வாங்கும். 12.4 டன் என்று கொடுக்க முடியாது, 12,400 கிலோ என்று கொடுக்க வேண்டும். அதோடு, நான் மேலே பேசிய நிழல் விலையை அதனிடம் கேட்க முடியாது. டெக்கிளுக்கு ஹைஸ், வரிசைக்கு சிபி-சாட் என்று பிரித்துக்கொண்டேன்.

டிரிம் எவ்வளவு குறைந்தது என்று கேட்பீர்கள். எங்களுக்கு 4 சதவீதத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்தது இரண்டேகால் பக்கம் நிற்கிறது. ஆர்டர் குறைவான மாதத்தில் சேர்க்க ஜோடி கிடைக்காமல் பழையபடி ஏறிவிடும், அதற்கு எந்த சால்வராலும் ஒன்றும் செய்ய முடியாது. நாள் ஒன்றுக்கு மூன்று நான்கு ஆர்டர் வருகிற சின்ன இடமாக இருந்தால் இந்தப் பாடு வேண்டாம், நோட்டுப் புத்தகமே போதும்.

இப்போதெல்லாம் ஒரே பிளான் அச்சடிப்பதில்லை. செட் குறைவானது ஒன்று, கத்தி மாற்றம் குறைவானது ஒன்று, நடுவில் ஒன்று என்று மூன்று. காலை ஷிஃப்டில் அண்ணன் பேனாவால் ஒன்றில் டிக் போடுகிறார். பெரும்பாலும் நடுவில் இருப்பதில். சில நாள் மூன்றையும் ஓரமாக வைத்துவிட்டு, "ஒரு போன் போடுங்க" என்கிறார்.