ஊர்த்திட்டம் போட வந்த மாணவர்கள்: ஒரு கடைமடை ஊராட்சியின் மதிப்பீடு

திருத்துறைப்பூண்டிப் பக்கம், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் இருக்கும் எங்கள் ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தைத் தயாரித்துத் தருவதற்காகக் கட்டடக்கலை, சிவில், வேளாண்மை, சமூகப்பணி ஆகிய நான்கு துறை மாணவர்கள் பன்னிரண்டு பேர் சென்ற சித்திரையில் வந்து பத்து நாள் தங்கினார்கள். கட்டணம் இல்லை, பள்ளிக்கூடத்தில் தங்க இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் மட்டும் ஊர்ப் பொறுப்பு. 2014இல் தொடங்கிய உன்னத் பாரத் அபியான் போன்ற திட்டங்களின் வழியாகக் கல்லூரிகள் கிராமங்களுக்கு வருவதால், பிற ஊராட்சிகளுக்கும் இந்த அனுபவம் பயன்படலாம்.

முதல் மூன்று நாள் ஒவ்வொரு துறையும் தன் வேலையைத் தனித்தனியே பார்த்தது. அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. நான்காம் நாள் எல்லோரும் சேர்ந்து வடிகால் வாய்க்காலோரம் நடந்த பிறகுதான் வேலை சூடு பிடித்தது. ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்துக்கொண்டதால்தான் கார்த்திகை மழையில் தண்ணீர் வடியவில்லை என்று நாங்கள் பல ஆண்டுகளாக மனு எழுதி வந்தோம். சிவில் மாணவர்கள் மட்டம் பார்த்தபோது, தார்ச்சாலையைப் பழையதன் மேலேயே மறுபடி மறுபடி போட்டதில் காலனித் தெரு சாலையைவிட ஒன்றரை அடி தாழ்ந்துவிட்டது தெரிந்தது. மழை வலுக்கும்போது அந்தத் தெருவினர் இரவில் சாலையை வெட்டித் தண்ணீரை வெளியேற்றுகிறார்கள் என்ற, எந்த மனுவிலும் ஏறாத செய்தியைப் பெண்களோடு உட்கார்ந்து பேசிய சமூகப்பணி மாணவியர் கொண்டுவந்தார்கள். அப்படி வெட்டிவிட்ட தண்ணீர் எந்த வயல்களில் போய்த் தேங்குகிறது, தூர் கட்டும் பருவத்துச் சம்பா அங்கே எவ்வாறு அழுகுகிறது என்பதை வேளாண் மாணவர்கள் குறித்தார்கள். எங்கள் பார்வையில் தெருவின் குறை வேறு, வயலின் குறை வேறாக இருந்தது. இரண்டும் ஒரே பாலத்தடிக் குழாயில் வந்து முடிவதை இவர்கள்தான் காட்டினார்கள்.

மாரியம்மன் கோயில் திடலில் கோலமாவால் ஊரைத் தரையில் வரையச் சொன்னதும் நல்ல முறை. மயானப் பாதை எங்கே முறிகிறது, நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் எந்தப் பக்கம் நனைகின்றன என்றெல்லாம் கூட்டத்தில் வாய் திறக்காதவர்கள் குனிந்து கோடு போட்டுக் காட்டினார்கள். அதைத் தாளில் ஏற்றிய கட்டடக்கலை மாணவர்களின் வரைபடம், கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள புலப்படத்தைவிட எங்களுக்கு அதிகம் பேசுகிறது.

குறைகளும் உண்டு. குளக்கரையில் நடைபாதையும் திறந்தவெளி அரங்கும் கொண்ட பூங்கா ஒன்றை அழகாக வரைந்திருந்தார்கள். அந்தக் கரைதான், களம் இல்லாதவர்கள் நெல் காயவைக்கும் இடம் என்று யாரையும் கேட்கவில்லை போலும். பணக்கணக்கு இன்னும் மோசம். 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிட வேண்டிய கட்டுண்ட நிதியாக இருந்தது. மீதியைத்தான் ஊர் தன் தேவைக்கேற்பச் செலவழிக்க முடிந்தது. இதை அறியாமல் எல்லா வேலைகளையும் ஒரே தொகையின் கீழ் எழுதிவிட்டார்கள். ஊராட்சிச் செயலர் இரண்டு இரவு உட்கார்ந்து பிரித்தெழுத வேண்டியதாயிற்று. வணிகவியல் படிக்கும் ஒருவரையாவது குழுவில் சேர்த்திருக்கலாம். அறிக்கையும் மே 1 கிராம சபைக்கு வந்து சேரவில்லை. ஆகஸ்ட் 15இல்தான் வைக்க முடிந்தது.

இவற்றைவிடப் பெரிய குறை, வந்த பருவம். மேட்டூர் ஜூன் 12இல் திறந்தாலும் தண்ணீர் கடைமடையை எட்ட நாளாகும். சித்திரையில் எங்கள் வாய்க்கால்களில் ஆடு மேயும். குழாய் எவ்வளவு தண்ணீரைத் தள்ளும் என்பதை அவர்கள் கணக்கால் சொன்னார்களே தவிரக் கண்ணால் பார்க்கவில்லை. ஆகவே அடுத்த குழுவை ஐப்பசியில் அனுப்பும்படி எழுதினோம். அந்த மாதம் பருவத் தேர்வு என்று பதில் வந்திருக்கிறது.