குழந்தைகளின் கண்ணுக்குக் கோடைப் பொருட்கள்: கூலிங் கிளாஸ், நீச்சல் கண்ணாடி, சொட்டு மருந்து வாங்கும்முன்

வெயில் காலத்தில் குழந்தையின் கண் சிவக்கத் தூசி, வியர்வையோடு வழியும் சன்ஸ்கிரீன், நீச்சல் குளத்துத் தண்ணீர், ஏசி காற்று, ஒவ்வாமை என்று பல காரணங்கள். கடையில் இவை எல்லாவற்றுக்கும் ‘குழந்தைகளுக்கானது’ என்று அச்சடித்த பெட்டிகள் அடுக்கியிருக்கும். அந்த ஒரு சொல்லை நம்பி வாங்குவதில்தான் பணம் வீணாகிறது.

கூலிங் கிளாஸில் முதலில் தேட வேண்டியது ‘யூவி 400’ என்ற குறி. 400 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்று அர்த்தம். கண்ணாடி எவ்வளவு கறுப்பு என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. யூவி தடுப்பில்லாத கறுப்புக் கண்ணாடி போடுவதற்கு வெறும் கண்ணோடு இருப்பதே மேல். நிழல் விழுந்ததும் கண்மணி விரியும், விரிந்த வழியே கதிர் இன்னும் அதிகமாக உள்ளே போகும். விளையாட்டுச் சாமான்களோடு தொங்கும் கலர் கண்ணாடிகள் இந்த ரகமாக இருக்கலாம். ‘போலரைஸ்டு’ என்பது தண்ணீரிலும் தரையிலும் பட்டுத் தெறிக்கும் கூச்சத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். யூவி குறி தனியாக இருக்க வேண்டும். கறுப்பின் அளவுக்கு வகை 3 போதும். வெளிச்சத்தில் 8 முதல் 18 சதவீதம் வரை உள்ளே விடும். அதைவிடக் கறுப்பான வகை 4 போட்டுக்கொண்டு ஓடினால் படிக்கட்டு தெரியாது. லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருந்தால் பந்து பட்டாலும் எளிதில் உடையாது.

குறியெல்லாம் சரியாக இருந்தும் பயன்படாமல் போவது பொருத்தத்தால்தான். குழந்தைக்கு மூக்குத் தண்டு தட்டை. பெரியவர்களின் ஃபிரேமைச் சின்னதாக்கி விற்றால் அது வழுக்கி இறங்கி, மேல்பக்கம் முழுக்கத் திறந்துவிடும். கடையிலேயே போட்டுவிட்டுக் குழந்தையைச் சிரிக்கச் சொல்லுங்கள். கன்னம் ஃபிரேமைத் தூக்கினால் அளவு தப்பு. அடுத்து, குனிந்து தலையை ஆட்டச் சொல்லுங்கள், விழுந்தால் வேண்டாம். பக்கவாட்டில் வளைந்து நெற்றிப்பொட்டு வரை மூடும் ஃபிரேம்தான் தூசியையும் தடுக்கும். மேலிருந்து வரும் வெயிலுக்கு 7 சென்டிமீட்டருக்குக் குறையாத விளிம்புள்ள தொப்பியும் வேண்டும்.

நீச்சல் கண்ணாடிக்கு வருவோம். குளோரின் வாடை பலமாக அடித்தால் குளம் சுத்தம் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. உண்மை நேர் எதிர். வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமின்தான் அந்த வாடை. கண் எரிவதும் பெரும்பாலும் அதனால்தான். குளத்து நீரின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 7.2 முதல் 7.8க்குள் இருக்க வேண்டும். அது தவறினால் எரிச்சல் கூடும்.

வாங்கும்போது பட்டையை மாட்டாமல், கண்ணாடியைக் குழந்தையின் கண்மேல் வைத்து லேசாக அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். இரண்டு மூன்று விநாடியாவது ஒட்டி நின்றால் அளவு சரி. உடனே விழுந்தால், பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் தண்ணீர் புகும். இறுக்கியதில் கண்ணைச் சுற்றிப் பள்ளம் விழுவதுதான் மிச்சம். விளிம்பு சிலிக்கானாக இருக்கட்டும், விறைத்த பிளாஸ்டிக் உதவாது. பனி படியாமலிருக்க உள்ளே பூசிய பூச்சை விரலால் துடைத்தால் சீக்கிரமே போய்விடும். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துவதோடு சரி. ஓர் எச்சரிக்கையைப் பெட்டியின் மூலையில் பொடி எழுத்தில் போடுகிறார்கள், பெரிதாகப் போட்டிருக்க வேண்டும்: கண்ணாடியை முன்னால் இழுத்து விட்டால் அது சுண்டி வந்து விழியில் அடிக்கும், பார்வையே பாதிக்கப்படலாம். பட்டையைப் பின்தலையிலிருந்து தூக்கிக் கழற்றப் பழக்குங்கள்.

இனி சொட்டு மருந்து. வறட்சிக்கும் தூசி உறுத்தலுக்கும் கார்பாக்சிமெத்தில்செல்லுலோஸ் 0.5 சதவீதம் போன்ற செயற்கைக் கண்ணீர் போதும். பதப்படுத்தும் பொருள் சேர்க்காத, ஒருமுறை உடைத்துப் பயன்படுத்தும் சின்னக் குப்பிகளுக்குத்தான் எங்கள் ஓட்டு. சாதாரணப் பாட்டில் பலவற்றில் பென்சல்கோனியம் குளோரைடு என்ற பதப்படுத்தும் பொருள் இருக்கும். எப்போதாவது விட்டால் பரவாயில்லை. ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் போனால் அதுவே கருவிழியின் மேல்தோலை உறுத்தும். பாட்டில்தான் வாங்குவீர்கள் என்றால், திறந்த தேதியை மேலே எழுதுங்கள். லேபிளில் வேறு கெடு இல்லாவிட்டால் 28 நாளில் தூக்கிப் போட வேண்டும்.

ஒரு கண்ணுக்கு ஒரு சொட்டு. இமைக்குள் தங்குவது ஏறத்தாழ 30 மைக்ரோலிட்டர், ஒரு சொட்டே 40, 50 இருக்கும். இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான். அடம் பிடிக்கும் குழந்தையின் இமையைப் பிரித்துப் போராட வேண்டாம். மல்லாக்கப் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, மூக்கோரக் கண் முனையில் ஒரு சொட்டு வைத்து, பிறகு திறக்கச் சொன்னால் தானாக உள்ளே ஓடிவிடும். குப்பி முனை இமையில் படக் கூடாது.

‘சிவப்பை நீக்கும்’ சொட்டு மருந்துகளுக்கு மதிப்பெண் பூஜ்யம். டெட்ராஹைட்ரோசோலின், நாஃபசோலின் என்று லேபிளில் இருந்தால் அப்படியே திருப்பி வைத்துவிடுங்கள். ரத்தக் குழாயைச் சுருக்கிச் சிவப்பை மறைக்கும். விட்டதும் முன்னைவிடச் சிவக்கும். குழந்தை குடித்துவிட்டாலோ 1, 2 மில்லிகூட ஆபத்து: மயக்கம், இதயத் துடிப்பு குறைவு, மூச்சுத் திணறல் வரலாம்.

அரிப்புதான் பிரதானம், பீளை நூல் நூலாக வருகிறது, பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கிறான் என்றால் ஒவ்வாமை. செயற்கைக் கண்ணீர் மட்டும் போதாது. அதற்கு ஓலோபடடின், கீட்டோடிஃபென் வகை மருந்துகள் உண்டு, வயதும் அளவும் மருத்துவர் சொல்லட்டும். போன வருஷம் மிச்சமிருந்த ஸ்டீராய்டு சொட்டை எடுத்து விடுவதுதான் பெரிய தப்பு. உடனே சுகம் தெரியும், ஆனால் தொடர்ந்து விட்டால் கண் அழுத்தம் ஏறும், புரையும் வரும். கசக்கிக் கசக்கிக் கருவிழி கூம்பாகிப் போவதும் உண்டு. கண் வலி, வெளிச்சம் பார்க்கவே முடியாமை, பார்வை மங்கல், ஒரு கண் மட்டும் நன்றாகச் சிவத்தல், இவை இருந்தால் கடைப் பக்கமே போகாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

குளிர்ந்த ஜெல் பட்டி? வாங்கலாம், கட்டாயமில்லை. ஃபிரீசரில் வைக்காமல் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, துணி சுற்றி, மூடிய இமைமேல் ஐந்து நிமிடம். நனைத்துப் பிழிந்த கைக்குட்டையும் அதே வேலையைச் செய்யும்.