டைட்டானியத்துக்கு ‘எம்க்யூஎல் கிட்’ வாங்கப் போகிறீர்களா? முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள்

டர்பன், பைன்டவுன் பக்கம் சின்ன மில்லிங் மெஷின் வைத்து டைட்டானியம் வெட்டுகிறவர்களுக்காக இந்தப் பதிவு. கடைக்காரர் ஒருவர் எங்கள் பட்டறைக்கு எம்க்யூஎல் (மிகக் குறைந்த ஆயிலைக் காற்றோடு வெட்டுமுனையில் தெளிக்கும் முறை) என்று சொல்லித் தள்ளிவிட்டது, காந்த அடி வைத்த வெறும் மிஸ்ட் தெளிப்பான். கூடவே ‘தாவர எஸ்டர் ஆயில்’ என்று லேபிள் ஒட்டிய கேன் ஒன்று.

அசல் எம்க்யூஎல்லில் ஒரு குட்டி பம்ப் ஆயிலை அளந்து தள்ளும். ஆயில் ஒரு குழாயில், காற்று இன்னொன்றில் வந்து நாசில் பக்கத்தில்தான் சேரும். மணிக்கு 10 முதல் 50 மில்லி போதும். மிஸ்ட் தெளிப்பானில் பம்ப் கிடையாது, காற்றே ஆயிலை உறிஞ்சும். கம்ப்ரெசர் பிரஷர் ஏறி இறங்கினால் ஆயிலும் ஏறி இறங்கும். அளந்து பார்ப்பது சுலபம்: உறிஞ்சும் குழாயை 10 மில்லி ஆயில் உள்ள அளவுக் குவளையில் விட்டு ஓட்டுங்கள். மணிக்கு 30 மில்லி என்றால் அது தீர 20 நிமிடம் ஆகவேண்டும். எங்களிடம் வந்தது இரண்டு நிமிடத்தில் காலி. அதில் பாதி வெட்டுமுனைக்குப் போகவே இல்லை, புகைபோல் கொட்டகைக்குள் நின்றது. மூச்சில் போவதும் அதுதான்.

ஆயிலைச் சோதிக்க ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஊற்றிக் கலக்குங்கள். எஸ்டர் ஆயில் சற்று நேரத்தில் பிரிந்து மேலே மிதக்கும். எங்கள் கேனில் இருந்தது பால்போல் வெளுத்து அப்படியே நின்றது. அதாவது தண்ணீரில் கலக்கும் சாதாரண சாலியூபிள் ஆயில். தண்ணீர் கலந்து ஊற்றும் வேலைக்கு அது சரி. தண்ணீர் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டால் அந்தத் தண்ணீர் சூட்டில் ஆவியாகிவிடும், முனையில் மிஞ்சும் ஆயில் படலம் போதாது. டைட்டானியம் முனையோடு ஒட்டிக்கொள்ளும், ஒட்டியது பிய்யும்போது கட்டரின் கடினப் பொருளான கார்பைடையும் பெயர்த்துக்கொண்டு போகும்.

குளோரின் சேர்த்த ஆயிலையும் தவிர்க்கவேண்டும். சூடேறிய டைட்டானியத்தில் குளோரைடு தங்கினால், இழுவிசை இருக்கும் இடத்தில் விரிசல் விழலாம். விமான பாகம், மருத்துவ பாகம் செய்கிறவர்கள் இதில் விளையாடக்கூடாது. செம்புக் கம்பியைக் கேஸ் சுடரில் பச்சை போகும்வரை காய்ச்சி, ஆறியபின் ஆயிலில் தொட்டு மறுபடி காட்டுங்கள். சுடர் பச்சையானால் ஆயிலில் குளோரின் போன்ற ஏதோ இருக்கிறது. காற்றோட்டமான இடத்தில், ஆயில் கேனைத் தள்ளி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

‘இதைப் போட்டால் வேகத்தை இரட்டிப்பாக்கலாம்’ என்பது அடுத்த புளுகு. எம்க்யூஎல் வழுக்கலைத் தரும், குளிர்ச்சியைப் பெரிதாகத் தராது. நாம் வழக்கமாக வெட்டும் டைட்டானியம் 6-4 கலவை வெப்பத்தைக் கடத்துவதே அபூர்வம், அலுமினியத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. சூடு சீவலோடு போகாமல் டூலிலேயே தங்கும். கார்பைடு எண்ட் மில் கட்டருக்கு வெட்டு வேகம் நிமிடத்துக்கு 50 மீட்டர் வைத்துத் தொடங்குங்கள்: 6 மிமீ கட்டருக்கு சுமார் 2650 ஆர்பிஎம், நான்கு பல், பல்லுக்கு 0.03 மிமீ என்றால் ஃபீட் (கட்டர் முன்னேறும் வேகம்) நிமிடத்துக்கு சுமார் 320 மிமீ. பயந்து ஃபீடைக் குறைத்தால் கட்டர் வெட்டாமல் உரசும், மேற்பரப்பு இறுகி அடுத்த பாஸில் முனை போய்விடும். நாசில் 20–30 மிமீ தூரத்தில், பல் உலோகத்திலிருந்து வெளியேறும் பக்கத்தைப் பார்க்கட்டும். ஆழத் துளைக்கு வெளி நாசில் உதவாது, ஆயில் அடிவரை போகாது.

டர்பன் ஈரக்காற்றில் கம்ப்ரெசர் லைனில் தண்ணீர் சேராமல் இருக்காது. வாட்டர் செப்பரேட்டர் இல்லாத கிட் அரை கிட்தான். இங்கே ரிச்சர்ட்ஸ் பேயில் டைட்டானியம் மணலை அள்ளுகிறார்கள், ஆனால் நாம் வெட்டும் கம்பி இறக்குமதி. ஒரு துண்டு பாழானால் கிட்டின் விலையே போய்விடும்.

மெல்லிய சீவல் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். காய்ந்த மணல் அல்லது உலோகத் தீக்கான டி வகுப்பு தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அந்தக் கிட்டோடு வந்த தாளில் இதைப்பற்றி ஒரு வரி இல்லை.

பணத்தைத் திரும்பக் கேட்க வழி உண்டு. தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 56ஆம் பிரிவுப்படி, குறைபாடுள்ள பொருளை 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து ரிப்பேர், மாற்றுப்பொருள், பணம் மூன்றில் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற போர்டு அதைத் தடுக்காது. கம்பெனி பெயரில் வாங்கியிருந்தால், சொத்தோ ஆண்டு விற்றுமுதலோ 20 லட்சம் ராண்டை எட்டியிருந்தால் இந்தச் சட்டம் பொருந்தாது. சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டிலும் தனிநபர்தான் வழக்குப் போடமுடியும். ஆகவே பில் யார் பெயரில் என்பதை வாங்கும்போதே யோசியுங்கள். அந்தப் பில்லில் ‘அளவு பம்ப் உள்ள எம்க்யூஎல்’ என்றும், ‘தண்ணீர் கலக்காத, குளோரின் இல்லாத எஸ்டர் ஆயில்’ என்றும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.