ஹீத்ரோ – ஸ்கிபோல்: 370 கிலோமீட்டருக்கு ஏன் ஒன்றேகால் மணி நேரம்?

லண்டன் ஹீத்ரோவிலிருந்து ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோலுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். வருடக்கணக்காகப் போய்வரும் வழி என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நேர்கோட்டில் சுமார் 370 கி.மீ., அதாவது 200 கடல் மைல். இதை மணிக்கு 850 கி.மீ. என்று வகுத்து 26 நிமிடம் என்று முடிவுகட்டாதீர்கள். அந்த வேகத்தில் விமானம் போவது கொஞ்ச நேரம்தான்; ஏறி முடித்ததுமே இறங்கத் தயாராகிவிடும். போதாததற்கு, ஹீத்ரோவில் பெரும்பாலும் மேற்குக் காற்று. விமானம் காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும், இறங்கும்; அதனால் மேற்கு பார்த்துக் கிளம்பித்தான் கிழக்கே திரும்ப வேண்டும். ஆக, வானத்தில் 45 முதல் 50 நிமிடம். டிக்கெட்டில் ஒன்றேகால் மணியோ அதற்கு மேலோ போட்டிருக்கும். அது கேட்டை விட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே கேட்டில் போய் நிற்கும்வரை உள்ள நேரம்.

பறக்கும் நேரத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நாள் முழுக்க விமானம் உண்டு. காலையில் போய் வேலையை முடித்து இரவு திரும்பிவிடலாம். என் எரிச்சல் எல்லாம் ஸ்கிபோலின் போல்டர்பான் ஓடுபாதை மேல்தான். 2003-ல் திறந்தது, 3,800 மீட்டர் நீளம். ஊர்களுக்குச் சத்தம் குறையட்டும் என்று வடமேற்கே வெகுதூரம் தள்ளி அமைத்தார்கள். நியாயமான காரணம்தான். ஆனால் அதற்கென்று தனிக் கட்டுப்பாட்டுக் கோபுரம் வைக்கும் அளவுக்குத் தூரம்! தெற்குக் காற்றடித்தால் விமானம் வடக்கே சுற்றி வந்து அதில் இறங்கும். அங்கிருந்து கேட்டுக்கு ஊர்ந்து வர 10 முதல் 20 நிமிடம். 50 நிமிடம் பறந்தவர் 20 நிமிடம் தரையில் உருள வேண்டுமா? வழியில் ஏ5 நெடுஞ்சாலைக்கு மேலே பாலத்தில் விமானம் போகும். இறக்கைக்குக் கீழே லாரிகள் ஓடுவதைப் பார்ப்பது இன்னும் எனக்குச் சலிக்கவில்லை. அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டியவருக்கு அதில் என்ன ஆறுதல்? வடக்குக் காற்று என்றால் தப்பித்தீர்கள்: ஸ்கிபோலின் வேறு ஓடுபாதைகளான காக்பானிலோ ஆல்ஸ்மேர்பானிலோ இறக்குவார்கள், சீக்கிரம் கேட்டுக்கு வந்துவிடலாம்.

திரும்பும்போது டிக்கெட்டில் 9.00 புறப்பாடு, 9.20 வருகை என்றிருந்தால் குழம்ப வேண்டாம். லண்டன் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால். ஹீத்ரோவில் நெரிசல் இருந்தால் வடகிழக்கே லாம்போர்ன் மேலே வட்டமடிக்க வைப்பார்கள். ஒரு சுற்றுக்குச் சுமார் 4 நிமிடம்.

பயண நேரத்தை மட்டும் பார்த்தால் ரயிலைவிட விமானம் முந்தும். இருந்தாலும், ஆம்ஸ்டர்டாம் நகருக்குள்தான் வேலை என்றால் லண்டன் செயின்ட் பான்க்ராஸ் நிலையத்திலிருந்து நேரடி ரயில் ஏறுங்கள் என்பேன். 2018 முதல் ஓடுகிறது, சுமார் 4 மணி நேரம், இறங்குவது நகர மையத்தில். ஸ்கிபோலில் வேறு விமானம் மாறுபவர்கள் மட்டும் ஹீத்ரோவுக்குப் போங்கள். அதுவும் ஷெங்கன் நாட்டு (தங்களுக்குள் பாஸ்போர்ட் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகள்) ஊருக்கு மாறுவதென்றால் பாஸ்போர்ட் வரிசையும் ஸ்கிபோலிலேயே வரும்; இடையில் இரண்டு மணி நேரமாவது விட்டு டிக்கெட் போடுங்கள்.