பிளேரைட்டா, சைப்ரஸா: தோல்வியடைந்த சோதனையின் பக்கமிருந்து ஒரு மதிப்புரை

எதிர்பார்த்தது ‘கொழும்பு’, கிடைத்தது ‘கொழும்பு’, முடிவு தோல்வி என்று டெர்மினலில் (கட்டளைத் திரையில்) சிவப்பு எழுத்தில் வந்து நின்றது. தமிழ் இணையதளம் ஒன்றின் ஊர்ப்பட்டியலுக்காக எழுதிய சோதனை அது. அதே தளத்தில், உலாவியைத் தானாக இயக்கி இணையதளங்களைச் சோதிக்கும் கருவிகளான சைப்ரஸ், பிளேரைட் இரண்டையும் சில மாதங்கள் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்ததில், எதைத் தேர்வது என்பதற்கு எனக்குக் கிடைத்த அளவுகோல் ஒன்றுதான்: சோதனை தோற்றால், அதன் காரணத்தைத் தேடுவதில் கருவி நம்மை எவ்வளவு தூரம் அழைத்துச் செல்கிறது?

சைப்ரஸ் உலாவிக்கு உள்ளேயே இயங்குகிறது. கட்டளைகள் ஒரு பக்கம் வரிசையாக நிற்க, அவற்றின் மேல் சுட்டியைக் கொண்டுசென்றால் அந்தந்தக் கட்டத்தில் பக்கம் எப்படி இருந்தது என்பது மறுபக்கம் தெரிகிறது. புதிதாகக் கற்பவருக்கு இதைவிட இணக்கமான கருவியை நான் பார்த்ததில்லை. ஆனால் கட்டணப் பக்கம் புதிய தாவலில் திறந்துகொண்டால், அதைப் பின்தொடர அதற்கு இயல்பான வழி கிடையாது. இணைப்பில், எந்தத் தாவலில் திறப்பது என்று சொல்லும் ‘டார்கெட்’ பண்பை நீக்கி, அதே தாவலில் திறக்கும்படி செய்துதான் சமாளிக்க வேண்டும். அப்படிச் செய்தால், பயனர் காணும் பக்கத்தைத்தான் சோதிக்கிறோமா என்ற ஐயம் எனக்குத் தீர்வதில்லை.

மைக்ரோசாஃப்ட் 2020இல் வெளியிட்ட பிளேரைட், உலாவியை வெளியிலிருந்து இயக்குவதால் பல தாவல்கள் அதற்கு ஒரு பொருட்டல்ல. குரோமின் அடிப்படையான குரோமியம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரியின் இயந்திரமான வெப்கிட் மூன்றையும் லினக்ஸ் மடிக்கணினியிலேயே ஓட்டலாம். ஆயினும் அந்த வெப்கிட், ஐபோனைக் கையிலெடுத்து சஃபாரியில் பார்ப்பதற்கு ஈடாகாது. ஒரு பொத்தானை அழுத்துமுன் அது கண்ணில் படுகிறதா, அசையாமல் நிற்கிறதா, வேறேதும் அதை மறைக்கிறதா என்று தானே பார்த்துக் காத்திருப்பதால், ‘3 நொடி பொறு’ என்று ஊகத்தில் எழுதிவைக்கும் பழைய வழக்கத்துக்கும் வேலையில்லை. தோல்வியடைந்த சோதனையின் ஒவ்வொரு அடியையும் பக்கத்தின் தோற்றம், வலைக் கோரிக்கைகள், கன்சோல் செய்திகள் ஆகியவற்றோடு சேர்த்துத் தரும் அதன் டிரேஸ் வியூவர்தான் என்னை அதன் பக்கம் சாய்த்தது.

கொழும்பு விஷயத்தில் பெயர் சர்வரிலிருந்தே அப்படித்தான் வந்தது என்பதுவரை டிரேஸ் காட்டியது. ஆனால் அங்கும் இரண்டு சொற்களும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தன. பிறகு உலாவியோடு வரும் பிழைதேடும் கருவியான குரோம் டெவ்டூல்ஸைத் திறந்து, பட்டியலை வரையும் வரியில் அந்த ஊருக்கு மட்டும் நிற்கும்படி நிபந்தனையுடன் ஒரு பிரேக்பாயின்ட் (நிரலை நிறுத்தும் புள்ளி) வைத்து, கன்சோலில் இரண்டின் நீளத்தையும் கேட்டேன். ஒன்றுக்கு 8, மற்றொன்றுக்கு 9. நான் தட்டச்சிட்ட ‘கொ’வில் ஒகரக்குறி ஒரே குறியீடாக இருந்தது, தரவுத்தளத்தில் அதுவே கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகப் பதிவாகியிருந்தது. தேடல் பெட்டியில் ஊரைத் தட்டிய வாசகருக்கும் ‘முடிவுகள் இல்லை’ என்றே வந்திருக்கும். தரவைச் சேமிக்கும் இடத்திலும் தேடும் இடத்திலும் இத்தகைய இரு வடிவங்களையும் ஒன்றாக்கும் ஜாவாஸ்கிரிப்டின் ‘நார்மலைஸ்’ செயற்கூற்றைச் சேர்த்ததும் சரியாயிற்று. எந்தச் சோதனைக் கருவியை வாங்கி வைத்தாலும் டெவ்டூல்ஸில் கை பழகியிருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

இரண்டுமே இலவசம், திறமூலம். சோதனைகளைப் பல கணினிகளுக்குப் பகிர்ந்து ஓட்ட சைப்ரஸ் தன் கட்டண மேகச் சேவையைக் காட்டுகிறது. பிளேரைட்டில் அது கருவியிலேயே அடக்கம். புதிதாகத் தொடங்குபவர் பிளேரைட்டை எடுக்கலாம்; சைப்ரஸில் நூற்றுக்கணக்கில் எழுதி வைத்திருப்பவர், புதிய தாவலோ வெப்கிட்டோ கட்டாயமாகாதவரை மாற்றி எழுதி நாளை வீணாக்க வேண்டாம். பிளேரைட்டை எடுப்பவர்கள், டிரேஸை எல்லா ஓட்டங்களுக்கும் பதிவு செய்யாமல், தோற்றபின் முதல் மறுமுயற்சிக்கு மட்டும் பதியும்படி அமைத்துக்கொள்வது நல்லது. இல்லையேல் ஓட்டமும் மெதுவாகும், வட்டும் விரைவில் நிரம்பும்.