ரெட் டெட் அண்டெட் நைட்மேர்: பேய விட புல்லட் தீர்ந்துபோறது தான் பயம்

மொதல்லயே சொல்லிடுறேன், ராத்திரி தூக்கம் வராத அளவுக்கு பயமுறுத்தணும்னு எதிர்பார்த்து இந்த வீடியோ கேம வாங்காதீங்க. திடீர்னு பின்னாடி வந்து நின்னு கத்துற சமாச்சாரம் எல்லாம் இதுல ரொம்ப கம்மி. துப்பாக்கில ரெண்டு புல்லட் தான் மிச்சம், எதிர்ல ஒரு ஜாம்பி கும்பலே ஓடி வருது, குதிரைய விசிலடிச்சு கூப்ட்டா அது எங்க போச்சுன்னே தெரியல. அந்த பயம் தான் இங்க.

தெரியாதவங்களுக்கு கொஞ்சம் முன்கதை. 2010 மே மாசம் ராக்ஸ்டார் கம்பெனி ரெட் டெட் ரிடெம்ப்ஷன்னு ஒரு கவ்பாய் கேம் விட்டாங்க, அதே வருஷம் அக்டோபர் 26 ஹாலோவீனுக்கு கரெக்டா அதோட கூடுதல் கதையா இந்த எக்ஸ்பான்ஷன். அப்ப பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல் ரெண்டுல மட்டும் தான். பத்து டாலர் கிட்ட வெல, நம்ம ஊர்ல அப்ப யாருகிட்ட இன்டர்நேஷனல் கார்டு இருந்துச்சு, இருந்தாலும் அவ்ளோ பெரிய டவுன்லோட நம்ம நெட்டு எப்ப முடிக்கிறது. பிசி வெச்சிருந்த நம்ம ஆளுங்க பாவம் யூட்யூப்ல அடுத்தவன் வெளாடுறத பாத்துட்டே வளந்தோம். 2023 ஆகஸ்ட்ல பிஎஸ்4, ஸ்விட்சுக்கு வந்துச்சு, பிசிக்கு வந்தது 2024 அக்டோபர் 29. பதினாலு வருஷம்! சரி, இப்ப ஒரே நல்ல விஷயம் என்னன்னா மெயின் கேமோட சேத்தே கொடுக்குறாங்க, தனியா காசு கிடையாது.

கதை 1911ல நடக்குது. மெயின் கேம் ஹீரோ ஜான் மார்ஸ்டன், பொண்டாட்டி அபிகெயில், புள்ள ஜாக்கோட பீச்சர்ஸ் ஹோப்ங்குற பண்ணைல இருக்காரு, வெளிய இடி மழை, வெளிய போன அங்கிள்ங்குற கெழவன் வீடு திரும்பல. எல்லாரும் படுத்த அப்புறம் அந்தாளு பொணமா வந்து அபிகெயில கடிச்சு வெக்க, அபிகெயில் பையன் ஜாக்க கடிச்சு வெக்க, நம்மாளு ரெண்டு பேரையும் கயித்தால கட்டி ரூம்ல போட்டுட்டு மருந்து தேடி கெளம்புறாரு. அவ்ளோ தான் கதை. நம்ம ஊரு பேய்க்குன்னா கண்டிப்பா ஒரு ஃப்ளாஷ்பேக் இருக்கும், யாரோ துரோகம் பண்ணிருப்பான், எடவேளைக்கு அப்புறம் நமக்கே அது மேல பரிதாபம் வரும். இங்க கடிக்கிறதுங்களுக்கு எந்த கதையும் கிடையாது. அத விட உயிரோட இருக்குறவங்க தான் மோசம். ஊருக்கு ஊரு போய் இது ஏன் வந்துச்சுன்னு கேட்டா ஒவ்வொருத்தனும் தனக்கு புடிக்காதவன கை காட்டுறான், வேற மதத்துக்காரன், வேற நாட்டுக்காரன், இப்டியே. கொரோனா டைம்ல நம்ம அப்பார்ட்மென்ட் வாட்ஸாப் குரூப்ல வந்த ஃபார்வர்ட் எல்லாம் ஞாபகம் இருக்குறவங்களுக்கு இது 2010ல எழுதுனதுன்னு நம்பவே கஷ்டமா இருக்கும். வெஸ்ட் டிக்கன்ஸ்னு ஒரு பிராடு, மெயின் கேம்லயே டானிக் விக்கிற ஆளு, இங்கயும் அதே பாட்டில தூக்கிட்டு இது ஜாம்பிக்கு மருந்துன்னு கூவிட்டு இருக்கான். செம ரைட்டிங்.

இப்ப கேம்ப்ளே. மெயின் கேம்ல டெட் ஐ (நேரத்த ஸ்லோவாக்கி குறி வெக்கிற பவர்) போட்டு நாலு பேர நெஞ்சுல சுட்டுட்டு கெத்தா போவோம்ல, அந்த வேல இங்க நடக்காது. தலைல சுட்டா தான் சாவுது, உடம்புல எவ்ளோ போட்டாலும் எந்திரிச்சு வருது. போய் வாங்கிக்கலாம்னா கடையும் கிடையாது, செத்ததுங்க பாக்கெட்ட தேடி, பெட்டிய தேடி, ஊர காப்பாத்தி தான் புல்லட் சேக்கணும். ஜாம்பிலயே நாலு தினுசு, சாதா, நாலு கால்ல பாயுற போல்ட்டர், முட்டி தள்ளுற குண்டன் புரூய்சர், தூரத்துல நின்னு பச்சையா ஆசிட் துப்புற ரெட்சர். இதுல போல்ட்டர் தான் எனக்கு ஆகவே ஆகாது, குறி வெக்கிறதுக்குள்ள மேல ஏறிடும். அதனால கொஞ்ச நேரத்துல துப்பாக்கிய உள்ள வெச்சிட்டு தீப்பந்தத்த எடுத்துருவீங்க, அதுக்கு புல்லட் தேவையில்ல, அடிச்சா பத்திக்கும். பிளண்டர்பஸ்னு ஒரு துப்பாக்கி வேற இருக்கு, ஜாம்பியோட உடம்பு பீஸையே குண்டா போட்டு சுடுறது, கூரை மேல நின்னுட்டு கூட்டத்துல ஒரு தடவ சுட்டு பாருங்க.

சுடுகாடு மிஷன் பத்தி சொல்லியே ஆகணும். ஒவ்வொரு கல்லறைத் தோட்டமா போய் சவப்பெட்டிங்கள தீப்பந்தத்தால கொளுத்தணும், கொளுத்த கொளுத்த மண்ணுக்குள்ள இருந்து கைய நீட்டி ஏறி வரும், மேல மஞ்சளும் பச்சையுமா ஒரு நாறுன வானம், பின்னாடி மியூசிக். நான் இத கொளத்தூர் வீட்டு ஹால்ல பெரிய டிவில போட்டு வெளாடிட்டு இருந்தப்ப அம்மா உள்ள வந்து பாத்துட்டு "வெள்ளிக்கிழமையும் அதுவுமா வெளக்கு வெக்கிற நேரத்துல பொணத்த கொளுத்திட்டு இருக்கியே, வெளங்குமாடா"ன்னு டிவி ஸ்விட்ச்ச அணைச்சிட்டு போய்ட்டாங்க. ரிவ்யூவுக்கு அத விட பெரிய சர்டிபிகேட் என்ன வேணும்.

குதிரைங்க தனி ரகம். சாதா குதிரை சீக்கிரம் செத்து போயிடும், அப்புறம் ஜாம்பி குதிரை தான், அதுக்கு களைப்பே கிடையாது ஆனா ஹேண்டில் பெண்டான ஸ்கூட்டி மாதிரி ஒரு பக்கமா இழுத்துட்டே போகும், நேரா ரோட்டுல போறதே பெரும்பாடு. அதுக்கு மருந்து தான் நாலு மாயக் குதிரைங்க, பைபிள்ல உலகம் அழியுறப்ப வர்ற நாலு குதிரை வீரன் கணக்குல வெச்சிருக்காங்க. வார்ங்குற குதிரை மேல நெருப்பு எரியும், கிட்ட வந்த ஜாம்பியும் எரியும். டெத் இடிச்சா ஜாம்பி தலை வெடிக்கும். ஃபேமினுக்கு ஸ்டாமினா தீராது, பெஸ்டிலன்ஸ் லேசுல சாகாது. மேப்ல சுத்தும்போது கண்ணுல பட்டா கயிறு போட்டு புடிங்க, எனக்கு டெத் தான் செல்லம்.

கடுப்பான விஷயம் எதுன்னா ஊர காப்பாத்துறது. ஒரு ஊருக்கு போறீங்க, கூரை மேல நாலு பேரு ஒளிஞ்சிருக்கான், புல்லட் கொடுக்குறீங்க, எல்லா ஜாம்பியையும் முடிக்கிறீங்க, ஊர் சேஃப், தூங்கி சேவ் பண்ணலாம், புது துப்பாக்கி கூட கிடைக்கும். மொத சில ஊர் ஜாலியா தான் இருக்கும். அப்புறம் நீங்க மெக்சிகோ பக்கம் பாலைவனத்துல ஒரு மிஷன் நடுவுல இருக்கும்போது ஏற்கனவே காப்பாத்துன ஊர்ல மறுபடியும் ஜாம்பி பூந்துடுச்சுன்னு மெசேஜ் வரும், போகலைன்னா அங்க இருக்குறவங்க ஒவ்வொருத்தரா செத்து ஊரே கைய விட்டு போயிடும். போய் பாத்தா அதே கூரை அதே ஆளு. மேப் சைஸ் கொறையல, பேஜாராயிடும். ஒரு கட்டத்துல நான் ரெண்டு மூணு ஊர கழட்டி விட்டுட்டேன், கதைக்கு ஒன்னும் ஆகல. மெயின் மிஷனும் பாதிக்கு மேல இத எடுத்துட்டு வா அவன தேடிட்டு வா ரகம் தான், கிளைமாக்ஸும் கொஞ்சம் அவசரம்.

ஆனா டால் ட்ரீஸ் காட்டுக்குள்ள ஒரு சின்ன சைடு மிஷன் இருக்கு, அதுக்காகவே இந்த மொத்த எக்ஸ்பான்ஷனையும் மன்னிச்சிடலாம். (ஸ்பாய்லர், வேணாம்னா அடுத்த பாராவுக்கு போய்டுங்க.) ஒரு வேட்டைக்காரன் வந்து காட்டுல சாஸ்க்வாட்ச் இருக்கு, கொழந்தைங்கள திங்குது, கொல்லணும்னு சொல்றான். பெருசா முடியோட மனுசன் உருவத்துல ஒரு ஜந்து. சரின்னு தேடி தேடி சுடுறோம், அதுங்க நம்மள தாக்க கூட வராது, ஓடும். அப்பவே ஏதோ உறுத்தும், ஆனா கேம்ல சுட சொன்னா சுடுவோம்ல. கடைசில ஒன்னு மரத்தடில உக்காந்து அழுதுட்டு இருக்கும். அது வாய தொறந்து பேசும். நாங்க கொழந்தைய எல்லாம் திங்குறதில்ல, பழமும் காளானும் தான் சாப்புடுறோம், எங்க ஆளுங்கள எல்லாம் எவனோ கொன்னுட்டான், நான் ஒருத்தன் தான் மிச்சம், என்னையும் கொன்னுடுன்னு கெஞ்சும். எவனோன்னு அது சொல்றது நம்மள தான். ஜானுக்கு வாய்ஸ் கொடுத்த ராப் வீட்ஹாஃப் அந்த எடத்துல திணறி திணறி பேசுறது இருக்கே. சுடுறதா விடுறதான்னு கேம் எதுவும் சொல்லாது, பட்டன் உங்க கைல. நான் என்ன பண்ணேன்னு சொல்ல மாட்டேன்.

யாரு வாங்கலாம்? மெயின் கேம் முடிக்காதவங்க இத மொதல்ல தொடாதீங்க, மெனுல தனியா செலக்ட் பண்ற வசதி இருக்குறதால நேரா பூந்துடலாம்னு தோணும், ஆனா போனி, செத், மார்ஷல் ஜான்சன்னு மெயின் கேம் ஆளுங்க எல்லாரையும் முன்னாடியே தெரிஞ்சா தான் காமெடி எடுபடும். முக்கியமா செத், மெயின் கேம்ல பொணத்த தோண்டிட்டு திரிஞ்ச ஆளு, உலகமே பொணமானதும் அவன் ஒருத்தன் தான் சந்தோஷமா இருக்கான், ஜாம்பியோட டான்ஸ் ஆடிட்டு இருக்கான். பிசில 4கே, 144 ஹெர்ட்ஸ் வரைக்கும் சப்போர்ட் இருக்கு, கேம் பழசுங்குறதால சுமாரான கிராஃபிக்ஸ் கார்டுக்கே ஓடும். புது வெர்ஷன் எதுலயும் மல்டிபிளேயர் கிடையாது, பசங்களோட சேந்து வெளாடலாம்னு நெனச்சு வாங்கிடாதீங்க. பழைய கேமுக்கு முழு வெல அநியாயம், சேல்ல வந்தா கண்ண மூடிட்டு போடுங்க, ஊர காப்பாத்துற வேலைய மட்டும் உங்க பொறுமைக்கு தகுந்த மாதிரி பாத்துக்கோங்க.