வெல்டு வெக்க மாட்டேன்னு சொன்ன பட்டறைக்காரர்

லீவுக்கு ஊருக்கு வந்தா சைக்கிள் ஓட்டணும்னு ஒவ்வொரு தடவையும் நெனப்பேன், இந்த தடவை நெஜமாவே எறக்கினேன், வெளிநாடு போறதுக்கு முன்னாடி வாங்கின அலுமினிய பிரேம் வண்டி. ரெண்டே நாள், மிதிக்க மிதிக்க கிர்ரு கிர்ருன்னு ஒரே சத்தம். பெடல் டைட் பண்ணேன், பேரிங்குக்கு கிரீஸ் வெச்சேன், போகல. கடைசில தொடைக்கறப்ப பாத்தா சீட்டுக்கு கீழ நிக்கற சீட் டியூபும் மேல படுத்திருக்கற டாப் டியூபும் சேர்ற எடத்துல வெல்டு ஓரமா முடி மாதிரி ஒரு கோடு.

பெயிண்ட் தான் வெடிச்சிருக்குன்னு மனச தேத்திகிட்டு சைக்கிள் கடைக்குப் போனேன். அவர் குனிஞ்சு கூட பாக்கல, "வெல்டு வெச்சுரலாம் சார், சாயங்காலம் வாங்க". எனக்கு என்னமோ ஒட்டல, ஆர்கான் வெல்டிங் பட்டறைக்கு தூக்கிட்டுப் போனேன். அங்க இருந்த அண்ணன் முதல்ல பெயிண்ட்ட சுரண்டினார், செவப்பு டை அடிச்சு கொஞ்ச நேரம் ஊற விட்டு தொடைச்சார், மேல வெள்ளை ஸ்ப்ரே, விரிசல் இருந்தா உள்ள போன டை வெளிய கசிஞ்சு காட்டுமாம். டியூப சுத்தி மூணுல ஒரு பங்குக்கு செவப்பு கோடு கசிஞ்சு வந்துச்சு. பெயிண்ட் இல்ல, உலோகமே தான்.

"ஒட்டறது அஞ்சு நிமிஷ வேலை தம்பி, அப்புறம் நான் ராத்திரி தூங்கணும்ல"ன்னார். இரும்பு பிரேம்னா அவரே வெச்சு குடுத்துருப்பாராம். என் வண்டி ஸ்டிக்கர்ல 6061ன்னு இருந்துச்சு, அது அலுமினிய கலவையோட ரகம், இந்த ரகத்த பாக்டரில வெல்டு பண்ணிட்டு 530 டிகிரி பக்கம் சூடாக்கி, சட்டுன்னு குளுர வெச்சு, அப்புறம் 170 டிகிரி வாக்குல மணிக்கணக்கா அடுப்புல வெச்சு தான் கெட்டிப்படுத்தறாங்க, பிரேமோட பலமே அதுல தான் வருது. பட்டறைல திரும்ப வெல்டு வெச்சா அந்த பக்கம் பூரா எளகிடும், தாங்கற சக்தி பாதிக்கு பக்கமா எறங்கிடும், அப்ப விரிசல் ஒட்டின எடத்துல வராது பக்கத்துலயே வரும். முழு பிரேமையும் மறுபடி அடுப்புல வெக்கலாம், ஆனா கோணிக்கும், நிமித்தணும், பெயிண்ட் போச்சு, அவ்ளோக்கு புது பிரேமே வாங்கிடலாம். 7005 ரகம்னா அந்த பெரிய சூடு வேண்டாம், கொஞ்சம் தேவலாம். கேரியர் மாட்டற காது மாதிரி நம்ம பாரம் ஏறாத எடம்னா ஒட்டிக்கலாம். ஹேண்டில் பக்கம் ஹெட் டியூப்ல விரிசல்னா ஓட்டவே கூடாது, முன்சக்கரம் தனியா போயிடும், மூஞ்சி தான் முதல்ல தரைல.

இன்னொண்ணு சொன்னார், அது தான் என்ன மாத்திச்சு. இரும்புக்கு ஒரு அளவுக்குள்ள எத்தன தடவை அசைச்சாலும் ஒண்ணும் ஆகாது, அலுமினியத்துக்கு அந்த எல்லையே கெடயாது, சின்ன சின்ன குலுக்கலும் கணக்குல ஏறிட்டே இருக்கும், இந்த ஜாயிண்ட் போச்சுன்னா மத்த ஜாயிண்டும் அதே வயசு தானே.

சரின்னு புது பிரேம். பழைய வீல், பிரேக், கியர் எல்லாம் புதுசுல அப்படியே சேர்ந்துச்சு, சீட்ட தாங்கற கம்பி, சீட் போஸ்ட், அது மட்டும் சேரல, பழசு 27.2 மில்லி, புதுசுக்கு 31.6. உருவின பழச பட்டறை அண்ணன் கைல வாங்கி பாத்துட்டு அதுல இருக்கற 'மினிமம்' கோட்ட காட்டி, "இது பிரேமுக்கு உள்ள இருக்கணும், வெளிய நின்னுருக்கு, அப்ப நெம்பறதெல்லாம் அந்த ஜாயிண்ட் மேல தானே, யார் இவ்ளோ ஏத்தினது?"ன்னு கேட்டார்.

"எனக்கு காலு நீளம்ணே"ன்னேன். இந்த தடவை ஒரு சைஸ் பெரிய பிரேமா எடுத்தேன்.